வாசலில் லாரியைப் பிரிக்கலாமா?

லாரி ஓடினால் குடும்பம் ஓடும். லாரி நின்றால் குடும்பமும் நின்றுவிடும்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் போய்ப் பாருங்கள். இந்த உண்மை அங்கே வீட்டுக்கு வீடு தெரியும். ஒன்றிரண்டு லாரிகளை வைத்துக்கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அப்பா டிரைவர். கணக்குப் பார்ப்பது அம்மா. லாரிக்கு ஒரு நோய் வந்துவிட்டால், அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்காது அல்லவா?

லாரிக்கு வரும் நோய்களில் பெரிய நோய் ஒன்று உண்டு. அதுதான் டிபரன்ஷியல் கெட்டுப்போவது.

"பட்டறையில் விட்டால் கூலி கொடுத்து மாளாது. வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டிவிடலாம்" என்று பலர் துணிகிறார்கள்.

"கூடவே கூடாது. அதைக் கம்பெனிப் பட்டறையில்தான் செய்ய வேண்டும்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள்.

இவற்றில் எது சரி?

இரண்டும் முழுச் சரியல்ல என்பது என் கருத்து. எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பது பெரிய கேள்வி அல்ல. அளந்து மாட்டுகிறோமா, குத்துமதிப்பாக மாட்டுகிறோமா என்பதே பெரிய கேள்வி. அளந்து செய்கிறவர் வாசலிலும் செய்யலாம். அளக்காதவர் பெரிய பட்டறையில் இருந்தாலும் அதைத் தொடக் கூடாது!

இதை நான் ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் சித்தப்பா வீட்டு வாசலில் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

மாடும் லாரியும்

முதலில், டிபரன்ஷியல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

லாரியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே, பானை போல ஓர் உருண்டை தெரியும். அதற்குள் இருப்பதுதான் டிபரன்ஷியல்.

அது எதற்கு?

அந்தக் காலத்தில் களத்தில் மாடுகளைப் பிணைத்துக் கட்டிக் கதிரை மிதிக்க விடுவார்கள். பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். நடுவில் இருக்கும் மாடு, நின்ற இடத்திலேயே திரும்புவது போல மெல்லத் திரும்பும். வெளிக்கோடியில் இருக்கும் மாடு ஓட்டமும் நடையுமாகச் சுற்றும். இரண்டும் ஒரே கயிற்றில் இருந்தாலும், இரண்டுக்கும் தூரம் வேறு.

லாரியும் அப்படித்தான். தெருமுனையில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போகிறது. வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகிறது. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் நேராக வலப்பக்கம் திரும்பினால், வெளிச் சக்கரம் 3 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுழல்கின்றன. வண்டியை இழுப்பது மாடு. ஆனால் லாரியில் சக்கரத்தைச் சுழற்றுவதே எஞ்சின்தான். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், திருப்பத்தில் ஏதாவது ஒரு சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டே போகும். டயரும் போகும், தண்டும் முறியும்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர். அவர் பெயர் பெக்கூர். நீராவியால் ஓடும் வண்டிக்காக 1828-ம் ஆண்டு வாக்கில் இந்தப் பல்சக்கர ஏற்பாட்டுக்கு அவர் காப்புரிமை பெற்றார். கடிகாரம் செய்த கை செய்த வேலை அது! இந்தச் செய்தியை மறக்காதீர்கள். பின்னால் வருகிறேன்.

கிரவுனும் பினியனும்

உள்ளே என்ன இருக்கிறது?

எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டின் முனையில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். அதன் பெயர் பினியன். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். அதன் பெயர் கிரவுன். கிரவுனுக்கு நடுவே சின்னச் சின்னப் பற்சக்கரங்கள் இருக்கும். திருப்பத்தில் ஒரு சக்கரத்தை மெதுவாகவும், மற்றதை வேகமாகவும் ஓட விடுவது அவைதான்.

ஒரு லாரியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 7 பல் இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் தண்டு ஏறக்குறைய 6 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். வேகம் குறையும், இழுக்கும் பலம் கூடும். பாரம் ஏற்றிய லாரி மேடேறுவது இந்தப் பலத்தால்தான்.

அது என்ன 41, 7 என்று ஒட்டாத கணக்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. 42-ம் 7-ம் என்று வைத்தால், ஒரே பல் ஒரே பல்லோடுதான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால், அது எதிர்ப் பல்லையே தின்றுகொண்டிருக்கும். 41-ம் 7-ம் என்று வைத்தால், ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லோடும் முறை போட்டுச் சந்திக்கும். தேய்மானம் சமமாகப் பரவும்.

இன்னொன்று. கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டு இழைத்து, ஜோடியாக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். ஜோடியைப் பிரித்து வேறு ஜோடி சேர்த்தால் ஒத்துப்போகாது.

என் சித்தப்பா செய்த முதல் தவறு இதுதான்.

வண்டி அழுதது

2022-ம் ஆண்டு ஆடி மாதம். சித்தப்பாவின் லாரியில் ஓர் ஓசை கேட்கத் தொடங்கியது. பாரம் ஏற்றி வேகம் எடுத்தால் "ஊ..." என்று ஊளையிடும். காலை எடுத்தால் ஓசை அடங்கும்.

அதை முதலில் கவனித்தவர் சித்திதான். வண்டி தெருவுக்குள் நுழையும்போதே சொன்னார்.

"ஏனுங்க, வண்டி அழுகுதுங்க."

சித்தப்பா அடியில் இருக்கும் திருகைக் கழற்றி, டிபரன்ஷியல் எண்ணெயை ஒரு தட்டில் பிடித்தார். வெயிலில் பார்த்தால் எண்ணெய்க்குள் வெள்ளிப்பொடி மின்னியது. பல் தேய்ந்து வந்த இரும்புதான் அது!

அன்றே வாசலில் தார்ப்பாய் விரித்து வேலையைத் தொடங்கிவிட்டார். அவருக்கு முப்பது வருட அனுபவம். பிரித்துப் பார்த்தார். கிரவுன் பற்கள் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து கிடந்தன. பினியன் பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

புது ஜோடி வாங்கப் பணம் இல்லை. பழைய சாமான் கடையில் ஒரு கிரவுனை மட்டும் வாங்கி வந்தார். பழைய பினியனையே வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் மாட்டினார். கிரவுனைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

அவர் மகன், என் தம்பி, அப்போது ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவன் பயந்து பயந்து சொன்னான்.

"அப்பா, டயல் கேஜ் வெச்சு ஒருதடவை அளந்து பார்த்துடலாங்க."

சித்தப்பா சிரித்தார். "ஏங் கண்ணு, நீ பொறக்கறதுக்கு முன்னாலிருந்து இந்தக் கைதான் பார்க்குது. இந்தக் கைக்குத் தெரியாததா அந்தக் கடியாரத்துக்குத் தெரியும்?"

தம்பி வாயை மூடிக்கொண்டான். நானும் அங்கே இருந்தேன். பட்டதாரி என்று பெயர். டார்ச் விளக்குப் பிடித்ததைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை தெரியவில்லை.

தொப்பூர் மேட்டில்

இருபத்தோரு நாள் வண்டி ஓடியது.

இருபத்திரண்டாம் நாள் முட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் புறப்பட்டது. சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயில் மேடு ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று "டமார்" என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மெல்லப் பின்னால் நழுவத் தொடங்கியது!

சித்தப்பா பிரேக்கை மிதித்துப் பிடித்தார். கிளீனர் பையன் குதித்தான். முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தான். வண்டி நின்றது.

நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பவரை "முட்டுக்கட்டை" என்று ஏசுகிறோம். அன்றைக்கு இரண்டு உயிரைக் காத்தது முட்டுக்கட்டைதான்!

ஒன்று யோசித்துப் பாருங்கள். அது மேட்டில் நடந்தது. பாரத்தோடு இறங்கி வரும்போது நடந்திருந்தால்?

இறக்கத்தில் லாரியை வெறும் பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு வர முடியாது. பிரேக் சூடேறிப் பிடி விட்டுவிடும். அதனால் கீழ்க் கியரில் போட்டு, எஞ்சின் பலத்தாலேயே வண்டியைக் கட்டிப்பிடித்து இறக்குவார்கள். அந்தப் பிடி எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு எதன் வழியாகப் போகிறது? டிபரன்ஷியல் வழியாகத்தான். அதன் பல் உடைந்தால் அந்தப் பிடி அறுந்துவிடும். உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால், சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

ஆகையால்தான் சொல்கிறேன். டிபரன்ஷியல் வெறும் பணச் செலவு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. டிரைவரின் உயிரும், எதிரே வருகிறவரின் உயிரும் அதில் இருக்கின்றன. "என் வண்டி, என் இஷ்டம்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு தாள் கனம்

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். மறுபடியும் அதே வாசல். மறுபடியும் தார்ப்பாய். இந்தத் தடவை சித்தியின் நகை அடகுக் கடைக்குப் போனது. ஒரே எண் பொறித்த புதுக் கிரவுனும் பினியனும் ஜோடியாக வந்தன. பேரிங்குகளும் புதிது.

தம்பி ஒரு லேத் பட்டறையிலிருந்து டயல் கேஜ் இரவல் வாங்கி வந்தான். கைக்கடிகாரம் போல இருக்கும் கருவி அது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி, அதில் ஒரு பங்கைக்கூட முள் காட்டிவிடும். வண்டிக் கையேட்டின் நகல் ஒன்றும் கிடைத்தது. அது முழுக்க ஆங்கிலம். அதைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. என் கல்லூரிப் படிப்பு அந்த வாசலில் அன்றைக்குத்தான் பயன்பட்டது!

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சிறிது இடைவெளி விட வேண்டும். பட்டறையில் இதைப் "பேக்லாஷ்" என்பார்கள். இடைவெளியே இல்லாவிட்டால், சூட்டில் இரும்பு விரியும்போது பற்கள் நெருங்கி, நடுவே எண்ணெய் நிற்க இடம் இராது. பல் வெந்து உரியும். இடைவெளி அதிகமானால், ஒவ்வொரு தடவை வேகம் எடுக்கும்போதும் பல் பல்லைச் சம்மட்டி போல அடிக்கும். கடைசியில் உடையும்.

அந்த வண்டிக்குக் கையேடு சொன்ன இடைவெளி 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை.

அது எவ்வளவு? நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையின் ஒரு தாளை விரலால் பிடித்துப் பாருங்கள். அதன் கனம் சுமார் 0.07 மில்லிமீட்டர். மூன்று நான்கு தாள் கனந்தான் அந்த இடைவெளி. ஒரு பெரிய லாரியின் உயிர் அதில் இருக்கிறது!

தம்பி இப்போது புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். "அப்பா, முதல்ல நீங்க உங்க கைப் பழக்கத்துக்குச் சரி பண்ணுங்க. அப்புறம் நான் அளக்கறேன்" என்றான்.

சித்தப்பா ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நட்டைத் திருகினார். மறுபடி ஆட்டினார். "இப்பச் சரி" என்றார்.

தம்பி கருவியை வைத்தான். முள் 0.52-ல் நின்றது.

நாங்கள் யாரும் பேசவில்லை. சித்தப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சரி கண்ணு. இனி நீ சொல்லு, நான் திருகறேன்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கை பொய் சொல்லுமா?

கை பொய் சொல்லாது. ஆனால் கைக்கு ஓர் எல்லை உண்டு.

ஓசையைக் கேட்டு நோயைச் சொன்னது அனுபவம். எண்ணெயைத் தட்டில் பிடித்துப் பார்க்கச் சொன்னது அனுபவம். எந்த நட்டை எவ்வளவு பலமாகப் பிடிப்பது, எந்தப் பாகத்தை எப்படிக் கழற்றினால் உடையாது என்பதெல்லாம் அனுபவந்தான். ஐ.டி.ஐ. படித்த பையனுக்கு அது உடனே வந்துவிடாது. ஆனால் ஏழு தாள் கனத்துக்கும் நான்கு தாள் கனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அனுபவம் மட்டும் போதாது.

பெக்கூர் கடிகாரக் கலைஞர் என்று முன்னே சொன்னேன் அல்லவா? டிபரன்ஷியல் பார்வைக்குத்தான் முரட்டு இரும்பு. உள்ளுக்குள் அது கடிகாரம். கடிகாரத்தை யாராவது குத்துமதிப்பாகப் பழுது பார்ப்பார்களா?

பினியன் பேரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. அதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம். பினியன் முனையில் உள்ள வட்டத்தில் கயிறு சுற்றி, ஸ்பிரிங் தராசில் மாட்டிச் சீராக இழுத்தால், சுழலும்போது தராசு எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்துவிடும். கையேட்டில் உள்ள கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அதற்கு உதவியது, சித்தி பழைய பேப்பர் எடை போட வைத்திருந்த தராசு!

பல்லில் சாயம் பூசிப் பார்ப்பது இன்னொரு சோதனை. கிரவுன் பற்கள் சிலவற்றில் கெட்டிச் சாயம் தடவிச் சுழற்றினால், பினியன் எங்கே படுகிறது என்று தடம் விழும். தடம் பல்லின் அடியில் விழுந்தால், பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. பல்லின் நுனியில் விழுந்தால், பினியன் வெளியே நிற்கிறது. மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் பினியனைச் சரிசெய்ய வேண்டும். தடம் பல்லின் நடுப்பாகத்தை ஒட்டி விழும்வரை விடக் கூடாது.

எங்களுக்கு நான்காம் தடவைதான் தடம் சரியாக விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கழற்றி, தகடு மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர் இரண்டாம் தடவையிலேயே "போதும்" என்று சொல்லிவிடுவார்.

சித்தியின் நோட்டு

அந்தப் பொறுமைக்குத் துணை நின்றது ஒரு நோட்டுப் புத்தகம்.

சித்தி சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோதுதான் எழுதப் படிக்கக் கற்றார். பால் கணக்கும் டீசல் கணக்கும் எழுதும் நோட்டில், அன்றைக்கு டிபரன்ஷியல் கணக்கையும் எழுதினார். எந்தத் தகடு எத்தனை போட்டது, முள் எங்கே நின்றது, தடம் எங்கே விழுந்தது என்று ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் தடவை ஒரு குழப்பம் வந்தது. தகடு கூட்டினோமா, குறைத்தோமா என்று அப்பாவும் மகனும் வாதாடினார்கள். சித்தி நோட்டைப் பிரித்துப் படித்தார். வாதம் முடிந்தது.

எழுதி வைக்காத அளவு, அளக்காததற்குச் சமம். அந்த நோட்டு இன்றைக்கும் சாமி அலமாரியில் இருக்கிறது. 2024-ல் எண்ணெய் மாற்றினார்கள். அடித் திருகில் உள்ள காந்தத்தில் மை போல மெல்லிய தூள் மட்டுமே ஒட்டியிருந்தது. அது இயற்கையான தேய்மானம். துண்டு துணுக்கு ஒன்றுகூட இல்லை. வண்டி அதன்பின் அழவில்லை.

மறுப்பவர்களுக்கு

"இதெல்லாம் தெரியாமல்தான் பட்டறைக்குப் போகச் சொல்கிறோம்" என்று சிலர் சொல்லலாம்.

பட்டறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மெக்கானிக் கையெடுத்துக் கும்பிடத் தக்கவர். ஆனால் பட்டறை என்ற பலகை மாட்டினால் மட்டும் அளவு வந்துவிடாது. அங்கேயும் கையால் ஆட்டிப் பார்த்து "சரி" சொல்கிறவர்கள் உண்டு. ஆகவே நீங்கள் வண்டியைப் பட்டறையில் விட்டாலும், "பேக்லாஷ் எவ்வளவு வந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எண்ணைச் சொல்பவர் நல்ல மெக்கானிக். கோபிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

"ஏழை டிரைவர் டயல் கேஜுக்கு எங்கே போவான்?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. லாரி உரிமையாளர் சங்கங்கள் ஊருக்கு ஒரு பெட்டி வைத்து, டயல் கேஜ், டார்க் ஸ்பானர் போன்ற அளவுக் கருவிகளை நாள் வாடகைக்குக் கொடுக்கலாமே! ஐ.டி.ஐ.க்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவர்களுக்கு வகுப்பு நடத்தலாமே! கிரவுன் ஜோடி விற்பவர்கள், அதற்குரிய அளவுகளை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கலாமே! ஆங்கிலம் படித்த அண்ணன் எல்லா வாசலிலும் வந்து உட்கார முடியாது.

வாசலில் பிரிப்போர் கவனத்துக்கு

கடைசியாக, வீட்டில் இந்த வேலை நடக்கும்போது குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, முட்டுக்கட்டை. லாரியில் பின் தண்டுகளை உருவிவிட்டால் கியரில் போட்டிருந்தும் பயன் இல்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இராது. தட்டையான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே தண்டில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பாரம். டிபரன்ஷியலை ஆள் பலத்தால் தூக்கி இறக்கக் கூடாது. ஜாக்கியோ செயினோ வேண்டும். தூக்கிய வண்டிக்கு அடியில் வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மூன்றாவது, அடையாளம். பேரிங்கை மூடும் இரண்டு மூடிகளையும் கழற்றுமுன் எது இடம், எது வலம் என்று குறியிட வேண்டும். மாற்றி மாட்டினால் அளவு எல்லாம் வீண்.

நான்காவது, சுத்தம். ஆடிக் காற்றில் பறக்கும் மணல் ஒரு துளி பேரிங்கில் விழுந்தாலும் போதும். கழுவிய பாகங்களைத் துணி போட்டு மூடுங்கள். பெட்ரோலில் கழுவாதீர்கள், ஒரு தீப்பொறி வீட்டையே கொளுத்திவிடும். பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றங்கரையிலோ கொட்டாதீர்கள்.

ஐந்தாவது, எண்ணெயும் மூச்சும். கையேடு சொல்லும் எண்ணெயை, கையேடு சொல்லும் மட்டத்துக்கு ஊற்றுங்கள். மேலே காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். சேறு அடைத்தால் உள்ளே காற்று அமுங்கி, எண்ணெயை சீல் வழியாக வெளியே தள்ளிவிடும். எண்ணெய் போனால் பல்லும் போகும். அந்தத் துளையைத் துடைக்கக் காசு செலவில்லை!

எண்ணெய்க் கறை படிந்த கையைக் கண்டு முகம் சுளிக்கும் பழக்கம் படித்தவர்களிடம் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. அந்தக் கை எத்தனை நுட்பமான வேலையைச் செய்கிறது என்று அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கைக்கு நாம் கொடுக்க வேண்டியது கைதட்டு மட்டும் அல்ல. அளவுகோலும் கொடுக்க வேண்டும். அதைத் தமிழில் கொடுக்க வேண்டும்.

முப்பது வருட அனுபவம் உள்ள ஒரு தகப்பன், தன் மகன் வைத்த கருவியைப் பார்த்து "நீ சொல்லு" என்றார். அதனால் அவர் கௌரவம் குறைந்துவிடவில்லை. இரவில் லாரி திரும்பும் ஓசை கேட்டு இன்றைக்கும் சித்தி கதவைத் திறக்கிறார்.

அந்தக் கதவு ஒவ்வொரு வீட்டிலும் திறக்க வேண்டும். அளந்து மாட்டுங்கள்!